லாங்மூர் தோட்டத்தில் இந்த வாரம் மழை இல்லை

ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை பத்து மணிக்கு, கோலா சிலாங்கூர் பட்டணத்தில், ஒரு டயர் கடையின் மேல்மாடியில், அடுத்த ஏழு நாளுக்கான வானிலை தயாராகிவிடும். தயாரிப்பவர்கள் வட்டார வானிலை முன்னோக்கு ஒருங்கிணைப்பு மன்றத்தார். மழை வரும், வராது என்று வானத்தைப் பார்த்துச் சொல்ல நாட்டில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்; அவர்கள் சொல்வது கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது. மன்றத்தின் வேலை அந்த மாதிரிச் சில்லறை வேலை இல்லை. வானிலையை வட்டாரத்தோடு ஒருங்கிணைப்பது அதன் வேலை. ஒருங்கிணைத்து முடிந்ததும் இயக்குநர் கையெழுத்திடுவார், முத்திரை விழும், அறிவிப்புப் பலகையிலும் வாட்சப்பிலும் ஏறும். அதன் பிறகு அடுத்த திங்கட்கிழமை வரை வானிலையில் கைவைக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. வானத்துக்கும் கிடையாது.

மே மாதம் இரண்டாவது வாரத்துக்கான முன்னோக்கு இப்படி வந்தது: 'வட்டாரம் முழுவதும் வறண்ட வானிலை நீடிக்கும். வெள்ளிக்கிழமை காலை லேசான தூறல். பொதுமக்கள் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தி ஒத்துழைக்கவும்.'

போன வாரமும் இதுதான். அதற்கு முந்தின வாரமும் இதுதான். மூன்று வருடமாக இதுதான். அதென்ன வெள்ளிக்கிழமை மட்டும் தூறல் என்று மன்றத்தில் யாரும் கேட்டதில்லை. கணினியில் எண் வருகிறது. வருகிற எண்ணை மதிக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம்.

அன்று சாயங்காலம் லாங்மூர் தோட்டத்து நான்காம் பிரிவில் இரண்டு மணி நேரம் மழை கொட்டியது. விஜயராணியின் மாட்டுக்கொட்டகைக்குள் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறியது.

விஜயராணிக்கு நாற்பத்தெட்டு வயது. ஒன்பது பசு. கணவர் அப்பளசாமி ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். வாரத்தில் ஐந்து நாள் அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிடுவார். ஆகவே மாடு, வீடு, சண்டை மூன்றும் விஜயராணியின் பொறுப்பு. மூன்றாவதில் அவளுக்குத் தோட்டம் முழுக்க நல்ல பெயர்.

ஒன்பதில் மஞ்சு என்கிற பசு நிறைமாதம். சனி, ஞாயிறுக்குள் கன்று போட்டுவிடும். நின்றபடியே ஈனும் பழக்கம் அதற்கு. கீழே முழங்கால் தண்ணீர் நின்றால் கன்று நேராகத் தண்ணீருக்குள்தான் விழும். முதல் மூச்சிலேயே முடிந்துவிடும். மாட்டை வேறு இடத்துக்கு ஓட்டலாம் என்றால் வேறு இடம் இல்லை. அந்தப் பிரிவில் இருந்த எட்டு வீட்டு வாசலும் பள்ளம். திடலும் பள்ளம். மேடு என்று இருப்பது செம்பனைக் காடு மட்டும்தான். அதற்குள் மாடு கால் வைத்தால் தோட்ட நிர்வாகம் பிடித்துக் கட்டிவிடும்.

தண்ணீர் வடிய ஒரே வழி, பெரிய பாரிட் என்று எல்லாரும் சொல்கிற வாய்க்கால். அது போய் ஆற்றில் சேரும் இடத்தில் இரும்பு மதகு ஒன்று உண்டு. கடல் ஏறும்போது மூடி, வற்றும்போது திறந்தால் தோட்டத்துத் தண்ணீர் எல்லாம் ஒரு மணி நேரத்தில் ஆற்றுக்கு ஓடிவிடும். அந்த மதகைப் பார்த்துக்கொள்பவன் சுல்கிஃப்லி. பட்டணத்தில் மீ கோரெங் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் அப்துல் மஜீதின் மூத்த மகன். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள், சட்டத்துக்குப் பயந்தவன்.

விஜயராணி மழையோடு மழையாக மதகுக்குப் போனாள். சுல்கிஃப்லி குடை பிடித்துக்கொண்டு மதகின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, கதவத் திற. தண்ணி வத்துற நேரந்தானே?"

"வத்துற நேரந்தான் அக்கா. ஆர்டர் இல்லியே. இந்த வருஷத்துலேர்ந்து முன்னோக்குல கனமழைன்னு வந்தாத்தான் திறக்கணும். வறட்சின்னு வந்தா மூடித்தான் வைக்கணும். தண்ணிய சேமிக்கிறாங்களாம்."

"இப்ப உன் தலைமேல விழுவுறது என்னா?"

சுல்கிஃப்லி குடையைக் கொஞ்சம் சாய்த்து மேலே பார்த்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எனக்குத் தெரியுது அக்கா. எனக்குத் தெரிஞ்சு என்னா பண்றது? எனக்கு முன்னால இங்க இருந்த ரஹ்மத் அண்ணன் கண்ணால பாத்துட்டுத் திறந்தாரு. முன்னோக்குக்கு முரணாகப் பார்த்தல்னு எழுதி, பாகான் நக்கோடா ஓமாருக்கு மாத்திட்டாங்க. இப்ப அங்க படகுக்கு நம்பர் எழுதுறாரு."

"என் மாடு சனிக்கிழமைக்குள்ள கன்னு போடும்."

"சனிக்கிழமை நல்ல நாளு அக்கா. அமாவாச வத்தல். அன்னிக்கித் திறந்தா ஒரு சொட்டு நிக்காது," என்றான் அவன். பிறகு வாயை விட்டுவிட்டோமே என்று சுற்றிலும் பார்த்தான். "ஆப்பீசுல போய்க் கேளுங்க லா. மாத்தி எழுதிக் கொடுத்தா அடுத்த நிமிஷம் திறந்துடுறேன்."

செவ்வாய்க்கிழமை காலையில் பால் ஊற்றி முடித்ததும் விஜயராணி பஸ் பிடித்து மன்றத்துக்குப் போனாள். முகப்பில் நித்தியா என்கிற பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண்தான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. அதனால் இன்னும் சிரிக்கத் தெரிந்திருந்தது.

"யெஸ் ஆன்ட்டி?"

"நான் லாங்மூர் தோட்டம்மா. மழைத் தண்ணி கொட்டாயிக்குள்ள ஏறிடுச்சி. தண்ணி கதவத் திறக்கச் சொல்லணும்."

நித்தியா கணினியில் தட்டிப் பார்த்தாள். "நேத்து லாங்மூர்ல மழை ஸீரோ ஆன்ட்டி."

விஜயராணி கைப்பேசியில் எடுத்த படங்களைக் காட்டினாள். நித்தியா இரண்டு விரலால் பெரிதாக்கி, அக்கறையாகத்தான் பார்த்தாள்.

"இதுல தண்ணிதான் ஆன்ட்டி இருக்கு. மழை எங்க?"

"மழை நின்னப்புறம் எடுத்தது மா."

"அப்ப எடுக்கும்போது மழை இல்ல."

வீடியோவும் இருந்தது. வீடியோவில் மழை இருந்தது. ஆனால் வீடியோவை மன்றம் ஏற்றுக்கொள்வதில்லை. அதை அச்செடுத்துக் கோப்பில் குத்த முடியாதாம். கடைசியில் நித்தியா மேசைக்கு அடியில் தேடி, 'வானிலை மறுப்புப் பாரம்' என்று ஒன்றை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தாள். மூன்று பிரதி. மழையை நேரில் கண்ட அரசாங்க அதிகாரி ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"மழை பெஞ்சா அதிகாரிங்க வெளிய வரமாட்டாங்களே மா."

"அதான் ஆன்ட்டி. இதுவரைக்கும் யாருமே இந்தப் பாரத்த ஃபில் பண்ணது இல்ல." அதில் நித்தியாவுக்கே கொஞ்சம் வருத்தம் இருந்தது. "கொடுத்தீங்கன்னா பதினாலு வேலை நாள்ல பதில் வந்துரும்."

"மாடு அதுக்குள்ள கன்னு போட்டுடுமே."

"அது வேற டிபார்ட்மென்ட் ஆன்ட்டி. ஆனா ஒண்ணு செய்யலாம். மழை இல்லாம தண்ணி நிக்குதுன்னா, அது எந்தத் தண்ணின்னு செக் பண்ண ஆள் அனுப்பலாம். ஓகேவா?"

விஜயராணி சரி என்றாள். வாழ்க்கையில் அவள் வருத்தப்படும் மிகச் சில 'சரி'களில் அது ஒன்று.

புதன்கிழமை மூன்று பேர் வந்தார்கள். முழங்கால் வரை பூட்ஸ், ஆளுக்கொரு குடை. வந்த நேரத்தில் மழை ஊற்றிக்கொண்டிருந்தது. எட்டு வீட்டுக்காரர்களும் வாசலில் வந்து நின்றார்கள். இனி யாரும் யாருக்கும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை, அதிகாரிகளே நனைகிறார்களே என்று எல்லாருக்கும் ஒரு நிம்மதி.

ஒருவர் கொட்டகைத் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு இல்ல. கடல் தண்ணி இல்ல," என்றார். இன்னொருவர் குழாய்களைத் திருகிப் பார்த்து, "கசிவு இல்ல," என்றார். மூன்றாமவர் குடைக்குள் தாளை வைத்து நனையாமல் எழுதினார்.

"குடை எதுக்கு சார் பிடிச்சிருக்கீங்க?" என்று விஜயராணி கேட்டாள்.

"வெயிலுக்கும்மா. வறட்சி காலமில்ல?" என்றார் அவர். தொப்பியிலிருந்து தண்ணீர் அவர் மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. அவர் அதைத் துடைக்கவில்லை. துடைத்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அரை மணி நேரத்தில் முடிவு வந்தது. மழைத் தண்ணீர் இல்லை. கடல் தண்ணீர் இல்லை. குழாய்த் தண்ணீர் இல்லை. ஆகவே இது சேர்த்து வைத்த தண்ணீர். 'குடியிருப்பாளர்கள் வறட்சிக் காலத்தில் தத்தம் வீட்டிலும் கொட்டகையிலும் பேரளவில் தண்ணீரைப் பதுக்கி வைத்துள்ளனர்' என்று எட்டு வீட்டுக்கும் எட்டு நோட்டீஸ் ஒட்டினார்கள். விஜயராணியின் நோட்டீசில் மட்டும் கூடுதலாக ஒரு வரி: பதுக்கிய தண்ணீரில் மாடுகளை நிறுத்தி வைத்திருப்பது பிராணிகளுக்கு இழைக்கும் கொடுமை.

அதைப் படித்தபோது விஜயராணிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒன்பது மாட்டையும் பெற்ற பிள்ளையைப் போலப் பார்க்கிறவள் அவள். மஞ்சு முழங்கால் தண்ணீரில் நின்றபடி, வயிறு கனத்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அதுவரை விஜயராணி உதவி கேட்கப் போனவள். அதற்குப் பிறகு அவள் கேட்கப் போனது உதவி இல்லை.

நோட்டீசுக்குக் கீழே பொடி எழுத்தில் 'விளக்கம் அளிக்க விரும்புவோர் இயக்குநரை நேரில் சந்திக்கலாம்' என்று போட்டிருந்தது. யாரும் படிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் போட்ட வரி. வியாழக்கிழமை விஜயராணி அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டியபடி நித்தியாவைக் கடந்து, இயக்குநர் தனபாலனின் அறைக்குள் போய் உட்கார்ந்தாள்.

தனபாலன் கோபக்காரர் இல்லை. யார் வந்தாலும் உரை நிகழ்த்துவார், அவ்வளவுதான். சிரித்த முகத்தோடு தொடங்கினார்.

"அம்மா, மழைங்கிறது ஒரு உணர்ச்சி. அளவுங்கிறதுதான் தரவு. உங்களுக்கு நனையிற மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் இருக்கும். அதுக்காக அது மழை ஆயிடாது. ஆளாளுக்குக் கண்ணால பாத்து வானிலைய முடிவு பண்ண ஆரம்பிச்சிட்டா, அப்புறம் மன்றம் எதுக்கு?"

"அதத்தான் சார் நானும் கேக்குறேன்."

தனபாலன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். "மூணு வருஷமா எங்க முன்னோக்கு நூத்துக்கு நூறு சரி. வறட்சின்னு சொல்றோம், கருவியில ஸீரோ வருது. வெள்ளிக்கிழமை தூறல்னு சொல்றோம், ரெண்டு மில்லிமீட்டர் வருது. போன மாசம் வெளியூர்லேர்ந்து பதினாறு பேரு பஸ்சுல வந்து இத எப்படிச் சாதிச்சீங்கன்னு கேட்டுட்டுப் போனாங்க." சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்தைக் காட்டினார். "எல்லாம் இந்தக் கருவியோட ஆசீர்வாதம். தானியங்கி மழைமானி. நாங்க போய்ப் பாக்கவே வேண்டாம். அதுவே எண்ண அனுப்பிடும்."

படத்தில் ஒரு பிரமுகர் நாடா வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தனபாலன். இருவருக்கும் நடுவே இடுப்பு உயரத்தில் பளபளவென்று ஓர் இரும்பு உருளை.

விஜயராணி எழுந்து கிட்டே போய்ப் பார்த்தாள். இன்னும் கிட்டே போனாள்.

"சார், இது எங்க திடலோரத்து சாமி."

தோட்டத்து மக்களைக் குறை சொல்ல முடியாது. மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் கார்கள் வந்தன, கெமா என்கிற கூடாரம் அடித்தார்கள், பலகாரம் கொடுத்தார்கள், போய்விட்டார்கள். பிறகு பார்த்தால் திடலோரத்தில் தகரக் கூரை. கூரைக்குக் கீழே கிழக்கு பார்த்தபடி உருளையாக ஒன்று. சுற்றிலும் வேலி. தொடக்கூடாது என்று பலகை. இவ்வளவு மரியாதையோடு அரசாங்கமே வைத்திருப்பது சாமியாக இல்லாமல் வேறென்னவாக இருக்க முடியும்? யாரோ வேலி தாண்டி மஞ்சள் பூசினார்கள். யாரோ குங்குமம் வைத்தார்கள். வேலியில் ஒரு கம்பி நெகிழ்ந்து ஆள் நுழைய இடம் கிடைத்ததும், வெள்ளிக்கிழமை காலையில் பெண்கள் பால் ஊற்றத் தொடங்கினார்கள். விஜயராணியிடம் வெள்ளிக்கிழமைகளில் இரண்டு போத்தல் பால் கூடுதலாகப் போகும்.

அவள் மெதுவாகத் திரும்பினாள். "சார், அதுக்கு மேல கூரை இருக்குது."

"இருக்கு. நாங்கதான் போட்டோம். திறப்பு விழா அன்னிக்கு நல்ல மழை. வி.ஐ.பி. நனையக்கூடாதுன்னு கெமா அடிச்சோம். அப்புறம் தணிக்கையில கேட்டாங்க, அரசாங்க சொத்த இப்படித் திறந்தவெளியில வெச்சா மழையில நனைஞ்சு வீணாயிடாதான்னு. ஞாயமான கேள்விதானே? நிரந்தரக் கூரையா போட்டுட்டோம்."

"மழைய அளக்குற சாமான் நனையக்கூடாதா சார்?"

"அம்மா, நனையாததாலதான் மூணு வருஷமா புதுசு மாதிரி இருக்கு."

"உங்க வெள்ளிக்கிழமை தூறல் இருக்குதே சார், அது என் மாட்டுப் பாலு."

தனபாலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிப்பதற்குள் மன்றம் மூன்று வருடமாக அவருக்குக் கற்றுக்கொடுத்த நிதானம் திரும்பி வந்துவிட்டது.

"மூலம் எதுவா வேணா இருக்கலாம்மா. கருவி என்ன காட்டுதோ அதுதான் வானிலை. அது ஒரு தடவ கனமழைன்னு காட்டட்டும். அன்னிக்கே மதகத் திறக்கச் சொல்லுறேன். இது என் வார்த்தை."

விஜயராணி அவரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். அவர் அந்தக் கும்பிடைத் தப்பாகப் புரிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் பெண்கள் பால் போத்தலோடு திடலுக்கு வந்தபோது, அங்கே வேலியோரம் வாளிகள் வரிசையாக நின்றன. விஜயராணி விஷயத்தைச் சொன்னாள். சிலர் வாயில் கைவைத்தார்கள். பக்கத்து வீட்டுப் புனிதவதி மட்டும், "மூணு வருஷமா நான் வேண்டிக்கிட்டதெல்லாம் ஆப்பீசுக்கா போச்சி?" என்று கேட்டாள். பிறகு அவளே போய் முதல் வாளியைத் தூக்கினாள்.

விஜயராணிக்குக்கூட மனசு ஒரு நிமிடம் பின்வாங்கியது. மூன்று வருடமாகக் கும்பிட்ட இடம். குங்குமம் அப்படியே இருந்தது. அவள் கைகூப்பி நின்றாள்.

"சாமியா இருந்தா கேட்டுக்க. மெஷினா இருந்தா எழுதிக்க," என்று சொல்லிவிட்டு வாளியைக் கவிழ்த்தாள். அவளுடைய கொட்டகையில் நின்ற அதே தண்ணீர். எட்டு வீட்டுத் தண்ணீரும் ஒவ்வொரு வாளியாக உள்ளே போனது.

டயர் கடை மாடியில் கணினி அலறியது. நூறு, இருநூறு, நானூறு என்று மில்லிமீட்டர் ஏறிக்கொண்டே போனது. வட்டாரத்தில் இதுவரை பெய்த எந்த மழையும் கால் மணி நேரத்தில் அந்த அளவைத் தொட்டதில்லை. நித்தியா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள்; நல்ல வெயில். மன்றம் அவசரமாகக் கூடியது. கூடி, காப்பி குடித்து, மாலை நான்கு மணிக்குச் சுற்றறிக்கை வெளியிட்டது.

'லாங்மூர் கருவியில் இன்று பதிவான அளவு, இவ்வாரத்துக்கான முன்னோக்குடன் ஒத்துப்போகாததால் நிராகரிக்கப்படுகிறது. கருவியின் கவனத்துக்கு முன்னோக்கின் நகல் ஒன்று அனுப்பிவைக்கப்படும்.'

நகல் நிஜமாகவே வந்தது. சனிக்கிழமை காலையில் ஓர் ஆள் மோட்டார்சைக்கிளில் வந்து, அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நனையாதபடி கூரைக்குக் கீழே, உருளையின் முகத்துக்கு நேரே கட்டிவிட்டுப் போனான்.

அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்கு மஞ்சு வாலைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்தது. தண்ணீர் முழங்காலுக்கு மேல். விடுமுறைக்கு வந்திருந்த அப்பளசாமி மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். வாய் அதிகம் பேசாத மனிதர். "தண்ணிக்குடம் உடைஞ்சிருச்சி," என்று மட்டும் சொன்னார்.

விஜயராணி ஓடினாள். பெரிய பாரிட் ஓரமாக, சேற்றில் செருப்பை விட்டுவிட்டு, மதகு வரை ஒரே ஓட்டம்.

சுல்கிஃப்லி எழுந்து நின்றான். ஆற்றுப் பக்கம் தண்ணீர் அடியோடு வற்றி, சேறு தெரிந்தது. இந்தப் பக்கம் தோட்டத்துத் தண்ணீர் கதவை முட்டிக்கொண்டு நின்றது. நடுவே ஓர் இரும்புத் தகடு. அதைத் தூக்கும் கைப்பிடி அவன் கையில்.

"அதக் கொடு."

"அக்கா, எனக்கு ரெண்டு புள்ளைங்க லா."

"எனக்கு அங்க ஒண்ணு பொறக்கப் போவுது. கொடு தம்பி."

அவன் அவளைப் பார்த்தான். ஆற்றைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. மழையில் அது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருப்பான். "நான் கொடுக்க மாட்டேன் அக்கா. நீங்க பிடுங்கினா நான் என்னா பண்ண முடியும்?"

விஜயராணி பிடுங்கினாள். பிடுங்குவதற்கு வசதியாக அவன் அதை நீட்டிக்கொண்டிருந்தான். அவள் கைப்பிடியைச் சக்கரத்தில் மாட்டியபோது, அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு ஆற்றைப் பார்த்துப் பேசினான்.

"வலப்பக்கம் சுத்தினா மூடும். இடப்பக்கம் சுத்தினாத்தான் திறக்கும். நான் சும்மா சொல்றேன், உங்களுக்கில்ல."

முதல் சுற்று அசையவில்லை. விஜயராணி முழு உடம்பையும் அதன்மேல் போட்டாள். கதவு ஒரு சாண் எழும்பியதும் தண்ணீர் உறுமிக்கொண்டு வெளியே பாய்ந்தது. இரண்டு சாண். மூன்று. மரக்கட்டை, தேங்காய்ச் சிரட்டை, யாருடையவோ பிளாஸ்டிக் நாற்காலி, எட்டு நோட்டீசில் ஒன்றிரண்டு, எல்லாம் ஆற்றை நோக்கி ஓடின. கை தோல் உரிந்து எரிந்தது. அவள் நிறுத்தவில்லை.

திரும்பி வந்தபோது கொட்டகையில் சிமெண்டுத் தரை தெரிந்தது. அப்பளசாமி சேற்றில் மண்டியிட்டு, புதுக்கன்றின் மூக்கைத் தன் சட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். கிடாரிக் கன்று. அது தும்மியது. விஜயராணி அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, ஐந்து நாளாக அழாத அழுகையைச் சத்தம்போட்டு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, கைப்பிடியை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு போய்க் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் தனபாலனே வந்தார். கூடவே கோப்பு, இரண்டு உதவியாளர்கள், மடக்கு மேசை ஒன்று. எட்டு வீட்டுக்காரர்களும் கூடிவிட்டார்கள். குற்றம்: முன்னோக்குக்கு முரணாக மதகு திறத்தல்.

"மதகத் திறந்தது நீங்கதானா?"

"நான்தான்."

"எதுக்குத் திறந்தீங்க?"

"தண்ணி போவுறதுக்கு."

தனபாலன் எழுதத் தொடங்கினார். பேனா பாதியில் நின்றது. எந்தத் தண்ணீர்? தண்ணீர் போனது என்று எழுதினால் தண்ணீர் இருந்தது என்றாகும். இருந்தது என்றால் வந்தது என்றாகும். எங்கிருந்து வந்தது என்று மேலிடத்தில் யாராவது கேட்டால் மூன்று வருடமும் சேர்ந்து போய்விடும். வறட்சியில் மதகைத் திறந்ததாகவும் அதன் வழியாக ஒன்றும் போகவில்லை என்றும் எழுதலாம். அப்படி எழுதினால் குற்றம் இல்லை. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"எழுதுங்க சார்," என்றாள் விஜயராணி. "சனிக்கிழமை முழங்காலுக்கு மேல தண்ணின்னு எழுதுங்க. ஒரு மணி நேரம் ஓடிச்சின்னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன். கோர்ட்டுக்கும் வரேன்."

"அம்மா, பிரச்சினைய வளக்க வேணாம். நீங்க திறந்தீங்க, ஒண்ணும் வெளியேறலன்னு ஒரு வரி. அதுல கையெழுத்துப் போடுங்க. நாங்க உங்கள விட்டுடுறோம்."

"நீங்க என்ன விட்டுடுவீங்க. நான் உங்கள விடமாட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "என் மாட்டக் கொடுமப்படுத்துறேன்னு எழுதி என் வீட்டுலயே ஒட்டினீங்க. எட்டு வீட்டுக்காரங்களத் தண்ணி பதுக்குறவங்கன்னு எழுதினீங்க. அதையெல்லாம் எழுத வந்த கைக்கு, மழை பெஞ்சிச்சின்னு எழுத வராதா?"

புனிதவதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விஜயராணியின் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு மற்றவர்களும் வந்தார்கள்.

தனபாலன் கோப்பை மூடினார். "சரி, அந்தக் கைப்பிடியாவது கொடுங்க. அது அரசாங்க சொத்து."

"உள்ள பத்திரமா இருக்குது சார். கூரைக்குக் கீழதான் வெச்சிருக்கேன், நனையாது. மழை பெஞ்சிச்சின்னு எழுதிட்டு வந்து வாங்கிக்கிட்டுப் போங்க. அதுவரைக்கும் தண்ணி வத்துறப்பல்லாம் நான் போய்த் திறப்பேன். ஏறுறப்ப மூடுவேன். தெனமும்."

மடக்கு மேசையை மடக்கினார்கள். ஒரு கால் மடங்க மறுத்தது. அன்று வேலைக்கு லீவு போட்டிருந்த அப்பளசாமி போய் மடக்கிக் கொடுத்தார்.

அன்று காலை பத்து மணிக்கு வானிலை வெளிவரவில்லை. மன்றத்தின் வரலாற்றிலேயே முதல் தாமதம். பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது, ஒன்றும் வரவில்லை. மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு ஒருங்கிணைத்துக்கொண்டிருந்தார்கள். மழை என்று எழுதவும் முடியாது. மதகு தினமும் திறப்பதை எழுதாமல் விடவும் முடியாது. விட்டால் முன்னோக்கு தவறிவிடும். மாலை மூன்றரை மணிக்கு சுல்கிஃப்லி மோட்டார்சைக்கிளில் வந்து வாசலில் இறங்கினான். கைப்பேசியை நீட்டிக்கொண்டே வந்தான்.

"அக்கா, முன்னோக்கு வந்திருச்சி. உங்க பேரு இருக்கு லா."

"சம்மனா?"

"இல்லக்கா. வானிலையிலயே." அவன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு படித்தான்: "வட்டாரம் முழுவதும் வறண்ட வானிலை நீடிக்கும். திங்கள் முதல் ஞாயிறு வரை, நீர் வற்றும் வேளைகளில், ஓரிரு இடங்களில் விஜயராணி."

அவள் ஒரு தரம் கேட்டாள். இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். புதுக்கன்று தாய்மடியை முட்டிக்கொண்டிருந்தது. வடக்கே, செம்பனைக் காட்டுக்கு மேலே, வானம் கறுத்து ஒரு முறை இடித்தது.

"ஏழு நாளுமா போட்டிருக்கானுங்க?"

"ஏழு நாளும் அக்கா."

"ஆத்துல தண்ணி எப்படி இருக்குது?"

"வத்த ஆரம்பிச்சிருச்சி."

விஜயராணி உள்ளே போய்க் கைப்பிடியை எடுத்துக்கொண்டு வந்து மோட்டார்சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"எடு வண்டிய. ஒரு தடவையாவது அவனுங்க சொன்னது நடக்கட்டும்."